வடிகால் துளைகள்

எனக்கு ஒழுங்கு முக்கியம், ஐயா. காலையில் வாசலைக் கழுவிய கையோடு காரையும் கழுவிவிடுவேன்.

என் கணவர் விட்டுச்சென்ற கார் அது. மாடியில் மகளுடன் குடியிருந்த மாப்பிள்ளை அதில்தான் அலுவலகம் போய்வந்தார். தூரத்து ஊருக்கு மாற்றல் கேட்டிருப்பதாகவும், கிடைத்ததும் இருவரும் போய்விடுவதாகவும் ஒருநாள் சாப்பாட்டின்போது சொன்னார். நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு பரிமாறினேன்.

அப்போது காரின் கதவுகளுக்கு அடியிலிருந்த இரும்புச் சட்டம் துருப்பிடித்திருந்தது. பட்டறைக்காரர் உளுத்ததை வெட்டியெடுத்து, புதுத் தகடு பற்றவைத்தார்.

"அடியில இருக்கற இந்த ஓட்டைங்கள மட்டும் அடைச்சிடாதீங்கம்மா. தண்ணி வடியலன்னா துரு உள்ளயே தின்னுடும். வெளிய புதுசா மினுக்கும். லேசா இடிச்சாலும் அட்டைப்பெட்டி மாதிரி மடங்கிடும்."

கவனமாகக் கேட்டுக்கொண்டேன். தகட்டின் மேல் பூசி மீந்த பட்டிப் பசையை அவரிடமே வாங்கிவந்து, துளைகளை அடைத்து, மேலே கறுப்புப் பெயின்ட்டும் பூசினேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. பிறகு, கழுவும் போதெல்லாம் கதவோரத்து ரப்பரை விலக்கிச் சட்டத்துக்குள் தண்ணீர் ஊற்றினேன். அதில் ஒரு கைப்பிடி உப்பும் கலந்தேன்.

"கார் கழுவ உப்பு எதுக்கும்மா?" என்றாள் மகள்.

"கறை போகும்டி."

அவள் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மழைக்காலங்கள் கடந்தன. "அத்தை, பிரேக் போட்டா உள்ள தண்ணி சலசலங்குது," என்றார் மாப்பிள்ளை.

"வயசான வண்டி, மாப்பிள்ளை. என் முட்டிகூடத்தான் சத்தம் போடுது."

சிரித்தார். பக்கத்தில் நின்ற மகள் சிரிக்கவில்லை.

அவர் எப்போதும் தனியாகவே போவார். அது எங்கள் வீட்டு வழக்கம். மாற்றல் உத்தரவு வந்த அன்று, வழக்கத்தை மீறி இவளும் உடன் ஏறிக்கொண்டாள். வேன் பக்கவாட்டில் மெதுவாகத்தான் மோதியதாம். அவர் அங்கேயே இறந்தார். இவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

ஆம், நான்தான் செய்தேன். போலீஸுக்குச் சொல்லி உங்களை வரவழைத்தவள் அவள்தான் என்கிறீர்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவள், ஏதோ குழப்பத்தில் சொல்லியிருப்பாள். இப்போது கீழறையில் என்னோடுதான் இருக்கிறாள். தினமும் நானே தலைவாரிவிடுகிறேன். சீப்பை எடுத்ததுமே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள், எனக்குப் பின்னல் போட வசதியாக இருக்கட்டும் என்று.