திரும்ப வேண்டிய இடம்

சம்பாப் பயிருக்கு மருந்தடிக்கக் காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரைதான் சரியான நேரம். அதற்குமேல் காற்று எழும்பிவிடும். மருந்து அடுத்தவர் வயலுக்குப் போகும். இந்த விஷயத்தில் நான் ரொம்பக் கறார். மூன்று வருடத்தில் என்மேல் ஒரு புகார் வந்ததில்லை. விசாரித்துப் பாருங்கள்.

மருந்தடிக்கும் ட்ரோன் எங்கள் மகளிர் குழுவுடையது. முதலில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவள் நான். அதற்கு முன் ஊரில் என்னை மருதையன் பெண்சாதி என்பார்கள். அவர் போனபிறகு அப்படிக் கூப்பிடவும் ஆளில்லை. ட்ரோன் வந்ததும் திருவாரூர் வரைக்கும் நான் பைலட்டம்மா. வயலுக்குப் போனால் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள்.

ஈஸ்வரி எனக்கு ஒத்தாசைக்கு வந்தவள். மருந்து கலப்பாள், பேட்டரி மாற்றுவாள். நல்ல பெண். ஐப்பசியில் அவளும் ட்ரோன் பயிற்சியில் தேறிவிட்டாள். எங்கள் குழுவில் எதுவும் முறைவைத்துத்தான். கூட்டத்தில் தலைவி பிரகதாம்பாள் சொன்னார்:

"தையிலேர்ந்து ட்ரோன் ஈஸ்வரிகிட்ட இருக்கட்டும். செந்தாமரை, நீ மூணு வருசம் ஓட்டியாச்சு. இனிமே அவளுக்குக் கூடமாட இரு."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

திரும்பும் வழியில் ஈஸ்வரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அக்கா, தை பொறந்தா நீங்கதான் மருந்து கலக்கணும். வாளி தூக்கத் தெரியுமா?"

"கத்துக்கறேன்டி."

"பயப்படாதீங்க, வேலை வாங்க மாட்டேன். சும்மா கொடை புடிச்சுக்கிட்டு ஒக்காருங்க, போதும்."

அன்பாகத்தான் சொன்னாள். ஒன்பது நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ட்ரோனைக் கிளப்புமுன் அது நிற்கும் இடத்தை ரிமோட்டில் குறிக்க வேண்டும். தொட்டி காலியானால் தானாக அந்தக் குறிக்குத்தான் திரும்பி வரும். ஆள் நடமாட்டமில்லாத திட்டாகப் பார்த்துக் குறிப்பது என் வழக்கம். ஈஸ்வரி நாற்பதடி தள்ளி, ஜெனரேட்டர் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவாள். மருந்து முகத்தில் படாமலிருக்க வயலுக்கு முதுகைக் காட்டியிருப்பாள். ஜெனரேட்டர் சத்தத்தில் அவளுக்கு வேறெதுவும் கேட்காது.

"ட்ரோன் வந்தா ஒரு மண்ணாங்கட்டிய வீசுங்கக்கா, திரும்பிப் பாக்கறேன்" என்பாள். ஒவ்வொரு முறையும் அவள் காலடியில் விழுகிற மாதிரி வீசுவேன். குறி தப்பியதில்லை.

அன்றைக்கு நடராசன் வயல். இலைச்சுருட்டுப் புழு. ட்ரோனைத் திட்டில்தான் வைத்தேன். குறியை மட்டும் ரிமோட் திரையில் விரலால் நகர்த்தி, ஈஸ்வரி உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்தேன். கால்மணி நேரத்தில் தொட்டி காலியாகி, திரும்பியது. நான் கட்டி எதுவும் வீசவில்லை. பறக்கும்போது இரண்டு கையும் ரிமோட்டில் இருக்க வேண்டும் என்பது பயிற்சியில் சொன்ன விதி.

இறக்கை இரண்டு உடைந்தது. ஈஸ்வரி அங்கேயே போய்விட்டாள்.

கைதவறிக் குறி இடம் மாறியிருக்கும் என்று ஸ்டேஷனில் எழுதிக்கொண்டீர்கள். ட்ரோன் ரிப்பேர் பார்ப்பவரும் அப்படித்தான் சொன்னார். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். திரும்பி வரும் உயரம் என்று தனியாக ஒன்று உண்டு. மின்கம்பி, தென்னை எல்லாவற்றையும் தாண்ட வேண்டுமே, அதனால் எண்பதடிக்குக் குறைத்து நான் வைத்ததே கிடையாது. அன்றைக்கு நான்கடி வைத்தேன். முந்தின நாள் அவள் வாளிமேல் உட்கார்ந்து சாப்பிட்டபோது, பக்கத்தில் நின்று அவள் தலை உயரத்தை என் இடுப்போடு அளந்து வைத்திருந்தேன். என் கை தவறவில்லை.

பொங்கலுக்குள் இன்னும் நான்கு பேர் வயல் பாக்கி. புழு காத்திருக்காது. குழுவில் ஓட்டத் தெரிந்த வேறு ஆளும் இல்லை. பிரகதாம்பாள் இப்போது என்மேல் கோபமாக இருப்பார், இருக்கட்டும். ஈஸ்வரி மட்டும் இருந்திருந்தால் அவளே அவரிடம் போய்ச் சொல்லியிருப்பாள், "அக்காவே ஓட்டட்டும், விட்டுடுங்க" என்று.