வெட்டிய பப்பாளி மரம்

மலேசியாவில் லாபிஸ் ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த இளையவள் திடீரென்று சொன்னாள்:

"வீட்டுக்குப் பின்னால இருந்த பப்பாளி மரத்த வெட்டிட்டேன்க்கா."

"அலமாக், அடக் கடவுளே! காய்க்கிற மரத்தப் போய் ஏன் வெட்டுன?"

"எங்க வீட்டுக்காரருக்கு டெங்கி, உடனே வார்டுல சேருங்கன்னு கிளினிக்ல சொன்னாங்க. இவரு போன்ல ஒரு வீடியோ பாத்துட்டு, பப்பாளி இலைச் சாறே போதும்னுட்டாரு. அந்த மரத்து இலையத்தான் நான் பறிச்சு அரச்சுக் குடுத்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள உசுரு போயிருச்சு."

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ என்னம்மா பண்ணுவ?"

"மரம் போச்சு. அந்த வீடியோ மட்டும் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு."

"எந்தப் பாவி அனுப்புறது?"

"நேத்து நீங்கதான்க்கா நம்ம கோயில் குரூப்ல போட்டீங்க."