சஸ்கட்டூனிலிருந்து ஒரு வாசகி

அதிர்ஷ்டத்தை நான் என் கையாலேயே செய்திருக்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நூலகத்தின் பின்னறையில், சீஸ் சாண்ட்விச் தின்றுகொண்டே செய்தேன். இடது கையில் சாண்ட்விச், வலது கை ஆள்காட்டி விரலில் அதிர்ஷ்டம். அதன் பிறகு ஏழு வருடங்கள், கனடாவின் தண்டர் பே நகரில் யார் எழுதினால் உலகம் படிக்கும், யார் எழுதினால் படிக்காது என்பதைத் தீர்மானித்தது கடவுளும் இல்லை, உழைப்பும் இல்லை. ரெய்னோ ஹக்காலாவாகிய நான்தான்.

நம்ப மாட்டீர்கள். நான் சொல்லும் எதையும் யாரும் நம்புவதில்லை. சுப்பீரியர் ஏரியில் ஒரு மீனைத் தூக்கி வெளியே போட்டேன், ஏரி நாலு விரற்கடை இறங்கிவிட்டது என்று சொன்னேன். தொலைபேசிக் கம்பத்தின் உச்சியில் இருந்தபோது மின்னல் தாக்கியது, நான் வாடிக்கையாளரிடம் பேசி முடித்து நன்றி சொல்லிவிட்டுத்தான் கீழே விழுந்தேன் என்றும் சொன்னேன். இவையெல்லாம் கொஞ்சம் கூட்டிச் சொன்னவை. இப்போது சொல்லப்போவதில் கூட்டியது எதுவும் இல்லை.

எங்கள் நூலகத்தில் ஓய்வு பெற்றவர்களின் எழுத்து வட்டம் ஒன்று உண்டு. அதில் இரண்டு பேர் இணையத்தில் எழுத ஆசைப்பட்டார்கள். ஒருவன் கோர்டு பெட்ரிஷின், காகித ஆலையில் மேஸ்திரியாக இருந்தவன். இன்னொருத்தி எய்லா குசிஸ்டோ. பள்ளிக்கூடத்தில் சமையல் செய்தவள், கணவன் டோய்வோவை இழந்தவள், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். நான் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்தவன் என்பதால், மின்சாரத்தில் ஓடுகிற எல்லாம் எனக்குத் தெரியும் என்று வட்டத்தில் ஒரு நம்பிக்கை. இரண்டு பேருக்கும் ஒரே மதியத்தில் தளம் அமைத்துக் கொடுத்தேன்.

இரண்டு பேரும் ஒரே தரமாகத்தான் எழுதினார்கள் என்று சொன்னால் கோர்டு சந்தோஷப்படுவான். ஆனால் இது வாக்குமூலம். எய்லாவின் முதல் கட்டுரை அவளுடைய திரையில் திறந்திருந்தது. வசந்தத்தில் ஏரியின் பனி உடைவதைப் பற்றியது. "உடைவதற்கு முன்னால் ஏரி ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்கிறது" என்று தொடங்கியிருந்தாள். படித்து முடிக்கும்வரை வாயில் இருந்ததை மெல்ல மறந்துபோனேன்.

அமைப்புகள் பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. தேடுகிறவர்களுக்கு இந்தத் தளத்தைக் காட்ட வேண்டாம் என்று அதன் பக்கத்தில் எழுதியிருக்கும். அதில் ஒரு குறி போட்டால் போதும். முழு முகவரியையும் எழுத்துப் பிசகாமல் தட்டுகிறவனைத் தவிர வேறு யாரும் அங்கே வந்து சேர முடியாது. கோர்டின் தளத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். எய்லாவின் தளத்தில் குறி போட்டேன்.

வேடிக்கைக்குத்தான். விடாமல் எழுதினால் போதும் என்பான் கோர்டு. நன்றாக எழுதினால் ஆட்கள் தாமாக வருவார்கள் என்பாள் எய்லா. இரண்டையும் ஒரு வாரம் சோதித்துப் பார்க்கலாமே என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை அவளுடைய இரண்டாவது கட்டுரை வந்தது. குப்பைத் தொட்டியைத் திறக்கக் கற்றுக்கொண்ட கரடியைப் பற்றியது. காலைக் காபியோடு நான் மட்டும் அதைப் படித்தேன். உலகத்தில் வேறு ஒருவரும் படிக்கவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்துகொண்டே ஒன்றைப் படித்துப் பாருங்கள், அப்போது என் நிலைமை புரியும். குறியை அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

எய்லா தன் முகவரியைச் சொந்தக்காரர்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் தேடி வந்து படிக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. வட்டத்தில் இருந்தவர்கள் கட்டாயம் படிக்கிறோம் என்றார்கள். எழுத்து வட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், பிறகு வீட்டுக்குப் போய்த் தங்களுடையதை எழுதுவார்கள்.

இதற்கிடையில் கோர்டு தன் சௌனாவுக்குள், அதாவது நீராவிக் குளியலறைக்குள், புகுந்த வௌவாலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினான். சுமாரான கட்டுரை. அந்த வாரம் ஒரு வானொலிக்காரரின் சௌனாவிலும் வௌவால் புகுந்துவிட்டது. அதை விரட்டும் வழியைத் தேடியவர் கோர்டிடம் வந்து சேர்ந்து, கட்டுரையை வானொலியில் முழுதாக வாசித்துவிட்டார். பனிச்சரிவு மாதிரி ஆட்கள் வந்தார்கள். கோர்டு சிவப்பு சஸ்பெண்டர் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விடாமுயற்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். வௌவாலைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

ஒரு கூட்டம் முடிந்ததும் எய்லாவிடம் வந்து நின்றான்.

"விடாம எழுதணும் எய்லா. அதான் ரகசியமே."

"மூணு வருஷமா விடாமத்தான் எழுதறேன் கோர்டு."

"அப்ப இன்னும் கொஞ்சம் விடாம எழுது."

அன்று எய்லாவின் முகம் போன விதத்தைப் பார்த்தேன். எழுதுவதை நிறுத்திவிடுவாள் என்று தெரிந்தது. அதை நான் அனுமதிக்க முடியாது. என் இடத்தில் வேறு யாராவது இருந்தால் குறியை எடுத்திருப்பார்கள். நான் யோசித்தேன். குறியை எடுத்தால் கண்டவன் எல்லாம் வருவான். நீளமாக இருக்கிறது என்பான் ஒருவன், கரடி வேண்டாம் வௌவால் எழுது என்பான் இன்னொருவன். அவளுடைய வாக்கியங்கள் கெட்டுப்போகும். அவளுக்கு வேண்டியது ஆயிரம் பேர் இல்லை, நல்லதாக ஒருவர். எனவே டோரீனை உண்டாக்கினேன்.

சஸ்கட்டூனில் இருக்கும் டோரீன், தையல்காரி, முழங்கால் வலிக்காரி. யாரோ எதிலோ எழுதியிருந்த முகவரியைப் பார்த்து வந்ததாகச் சொன்னாள். பனி உடைகிற கட்டுரையைப் பற்றி எட்டு வரி எழுதினாள். நான் எழுதியவற்றிலேயே சிறந்த எட்டு வரிகள் அவை. மறுநாள் எய்லா ஏலக்காய் போட்ட புல்லா ரொட்டி சுட்டு, தெரு முழுக்கக் கொடுத்தாள். எனக்கு இரண்டு.

அதன் பிறகு அவள் வெள்ளிக்கிழமைதோறும் எழுதியதெல்லாம் வேறு ரகம். டோரீனுக்குத் தனியாகவும் எழுதுவாள். மின்னஞ்சலில் மூன்று வருடங்கள் அந்தச் சிநேகிதம் நடந்தது. என்னிடம் சொல்லாததை எல்லாம் டோரீனிடம் சொன்னாள். நானும் நேர்மையாகவே பதில் எழுதினேன். டோரீன் ஒரு வெள்ளிக்கிழமையையும் தவறவிட்டதில்லை.

போன இலையுதிர் காலத்தில் எய்லா டோரீனுக்குக் கையுறை பின்னப் போவதாகச் சொல்லி அளவு கேட்டாள். இருந்த கையைத்தானே அளக்க முடியும், என் கையை அளந்து கொடுத்தேன். தையல்காரிக்குப் பெரிய கை என்று எழுதினேன். கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் நீளமாகப் பின்னச் சொன்னேன். இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவள் விமான டிக்கெட் எடுத்துவிட்டாள், கையுறையை நேரில் கொடுக்க.

வேறு வழி இருக்கவில்லை. டோரீனுக்கு நிமோனியா வந்தது. டோரீனின் மகனாக இரண்டு வரி எழுதிப்போட்டேன், அம்மா கஷ்டப்படாமல் போனாள் என்று. கடைசி நாட்களில் எய்லாவின் கட்டுரைகளைத்தான் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள் என்றும் சேர்த்தேன். அது ஒரு மரியாதை.

எய்லா ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பிறகு டோரீனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். பார்க்காத ஒருத்தியைப் புதைப்பது எப்படி என்று அதில் கேட்டிருந்தாள். நான் வாழ்க்கையில் படித்ததிலேயே அதுதான் உயர்ந்தது. அதைப் படித்து அழுதேன். அதை எழுத வைத்தது யார் என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

போன சனிக்கிழமை காலை எய்லா என்னைக் கூப்பிட்டாள். சமையலறை மேஜையில் கணினி திறந்திருந்தது.

"வா ரெய்னோ. காபி குடிச்சுட்டு இதை அழிச்சுடு."

"எதை?"

"என் தளத்தைத்தான். மொத்தமா. கட்டினவன் நீதானே, நீயே இடிச்சுடு."

"யோசிச்சியா?"

"ஏழு வருஷம் யோசிச்சாச்சு. வர்றதா இருந்தா வந்திருப்பாங்க. எனக்குன்னு வந்தது ஒரே ஒருத்தி, அவளும் போயிட்டா. எனக்கு எழுத வரல. அதை ஒத்துக்கிட்டா மிச்ச நாளை நிம்மதியா ஓட்டுவேன்."

அவள் நேரடியாகத் தளத்திலேயே எழுதுகிறவள். வேறு பிரதி கிடையாது. அழிக்கிற பொத்தானுக்கு மேலே என் விரல் இருந்தது, அதே விரல். அவள் காபியை ஊற்றிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். விரலை எடுத்தேன். கட்டத்தைப் பற்றிச் சொன்னேன்.

எய்லா சிரித்தாள்.

"நீ புளுகு மூட்டைன்னு ஊருக்கே தெரியும். ஆனா இதுதான் உன் புளுகுலேயே ரொம்ப நல்ல புளுகு. எனக்கு ஆறுதல் சொல்றியாக்கும்."

அமைப்புகள் பக்கத்தைத் திறந்து குறியைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"நான் காபி ஊத்தற நேரத்துல நீ போட்டிருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா? விட்டா டோரீனும் நான்தான்னு சொல்லுவ."

"டோரீனும் நான்தான்."

சிரிப்பு பாதியில் நின்றது. "வேண்டாம் ரெய்னோ. செத்தவளை இழுக்காத."

"டோய்வோவோட பூட்ஸைப் பத்தி அவளுக்கு எழுதினியே. குளிர்காலக் காலையில அதுக்குள்ள காலை விட்டுக்கிட்டு நிப்பேன்னு."

"அதை நான் எப்பவாவது உன்கிட்ட உளறியிருப்பேன்." குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. "நீ எதையும் ஒட்டுக்கேட்டு வெச்சுக்கிற ஆளு."

கதவுக்குப் பக்கத்துக் கொக்கியில் அந்தக் கையுறைகள் தொங்கின. நீல நிறம், மணிக்கட்டில் வெள்ளைக் கோடு. இன்னும் யாரும் போட்டதில்லை. நான் எழுந்து போய் வலது கையில் ஒன்றை மாட்டிக்கொண்டு, கையை அவள் முன்னால் மேஜைமேல் வைத்தேன். என்ன அழகான வேலை தெரியுமா, ஒரு பின்னல் பிசகவில்லை.

இப்போது என் கவலை ஒன்றே ஒன்றுதான், அவள் நம்ப வேண்டும். நம்பினால் அழிக்க மாட்டாள். அழிக்காவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமையும் வரும். இதில் எனக்கென்று எதுவும் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எய்லா உட்கார்ந்தாள். குழந்தைக்குச் செருப்பு வாங்கும்போது நுனியை அழுத்திப் பார்ப்பார்களே, அப்படிக் கையுறையின் கட்டைவிரல் நுனியை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். இடைவெளி இல்லை. திரும்பவும் அழுத்தினாள். பிறகு தன் கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நடந்திருக்கு ரெய்னோ," என்றாள். "நீ சொன்ன அத்தனையும் நடந்திருக்கு."