ஒண்ணரை மார்க்

பெட்டிய செத்த இப்பிடித் தள்ளுங்க அண்ணாச்சி, காலு இடிக்குது. கருப்புப் பெட்டி, வெள்ளை பெயிண்ட்ல பேரு, நம்பரு. பாத்ததுமே மிலிட்டரின்னு தெரிஞ்சிட்டு. லீவா? நல்லது, நல்லது.

நானா? விருதுநகருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல எறங்கி பஸ் மாறணும். அந்தா, முன் சீட்ல பச்சைத் தாவணி, ஃபைல நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உக்காந்திருக்காள்ல, எம்மக செல்லக்கனி. பிளஸ் டூல கணக்குல நூத்தித் தொண்ணூத்தெட்டு. ஆமா, எரநூறுக்குத்தான்! இஞ்சினியர் படிப்புக்கு கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மார்க்கையும் நுழைவுத் தேர்வு மார்க்கையும் கூட்டி முன்னூறுக்குப் பாப்பாகளாம். போன வருசக் கணக்குப்படி இவளுக்கு ஒண்ணரை கொறையுது. வெறும் ஒண்ணரை! பிசிக்ஸ்ல விடைய சரியாப் போட்டுட்டு, பக்கத்துல யூனிட்ட எழுத மறந்துட்டாளாம். மூணு நாளு சோறு எறங்கல பிள்ளைக்கு.

பொறவு அவளே அந்த அப்ளிகேசன் புத்தகத்த வரி வரியாப் படிச்சுக் கண்டுபிடிச்சா. பட்டாளத்துல இருந்து வந்தவுக பிள்ளைகளுக்குத் தனியா சீட்டு இருக்காம். எப்பா, நீங்க மிலிட்டரிதானப்பான்னு ஓடி வந்து கையப் புடிச்சா. தெருவுல என்னைய மிலிட்டரி உக்கிரபாண்டின்னுதான் சொல்லுவாக.

எந்த ரெஜிமென்ட்டா? அத விடுங்க. வெக்கை எம்புட்டு அடிக்குது! செண்பகத்தோப்புப் பக்கம் மேகம் எறங்குது, ஒரு சொட்டு இங்க விழ மாட்டேங்குது.

இந்தா, திரும்பிட்டா பாருங்க. இருக்குத்தா, இருக்கு! பையிலதான் இருக்கு!

டிஸ்சார்ஜ் புக்கக் கேக்கா. பட்டாளத்துலருந்து வெளிய வரும்போது குடுப்பாகள்ல, அது. விருதுநகர் முன்னாள் ராணுவத்தார் ஆபீசுல அதக் காட்டுனாத்தான் சர்டிபிகேட் தருவாகளாம். ராஜபாளையத்துல ஏறுனதுலருந்து இது நாலாவது தடவ.

பென்சனா? இல்ல. அறுவத்தேழுல போயி எண்பதுல வந்துட்டேன், பதினஞ்சு வருசம் முடியலன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன். ஏன் அண்ணாச்சி அப்பிடிப் பாக்கீக? ஜபல்பூர்ல இருந்தது நெசந்தான்.

அந்தா, கோபுரம் தெரிஞ்சிட்டு. அதுக்குள்ளயா?

ஸ்டாண்டுல எறங்கி எங்கூட செத்த நேரம் நில்லுங்க அண்ணாச்சி. நெசமான மிலிட்டரிக்காரர் ஒருத்தர் பக்கத்துல இருந்தா வாய் பொய் சொல்லாது. திருச்சி ஆளெடுப்புக்கு எங்கய்யா மாலை போட்டு அனுப்புனாரு. ஓட்டத்துல பாஸ், கயிறுல பாஸ். மார்பு அளவு அரை இஞ்சு பத்தல. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஊருக்குத் திரும்ப? வடக்க ரயிலேறிட்டேன். கேம்ப் கேட்டுக்கு எதுத்த டீக்கடையில பதிமூணு வருசம் கிளாஸ் கழுவுனேன்.

எந்திரிச்சிட்டா, வாரா. நான் அவகிட்ட சொல்லி முடிக்கிற வரைக்கும் இந்தப் பைய மட்டும் புடிச்சுக்கோங்க. கனக்காது. புளிச்சோறு மட்டுந்தான் இருக்கு.