கனம் கூடின கார்பன் சைக்கிள்

— இல்லீங்க சார், சும்மாதான் கேக்குறேன். நல்லா இருந்த பெடல எதுக்குக் கழட்டுனீங்க?

— அப்கிரேடு, அருக்காணிம்மா. வண்டியோட வந்தது பிளாஸ்டிக் பெடல். கார்பன் சைக்கிளுக்கு பிளாஸ்டிக் பெடல்ங்கறது, கோட்டு சூட்டு போட்டுண்டு ஹவாய் செருப்புல ஆபீஸ் போற மாதிரி.

— ஹவாய் செருப்புலயும் வேல நடக்குதுங்களே சார்.

— நடக்கறது. வேகம் போறாதுன்னு சைக்கிள் ஓட்டறவா சொல்றா. இது கொக்கி வச்ச பெடல். இதுக்குன்னு ஒரு ஷூ இருக்கு, அடியில ஒரு தகடு. வச்சு அழுத்தினா டக்குனு மாட்டிக்கும். அப்புறம் காலும் வண்டியும் ஒண்ணு.

— எறங்கணும்னா?

— குதிங்காலை வெளிப்பக்கம் திருப்பணும்.

— திருப்ப மறந்துட்டா?

— விழணும். நேத்து சாயங்காலம் கீழ கேட் பக்கத்துல, வாட்ச்மேன் முன்னாடி விழுந்தேன். ஓட்டிண்டு போய் விழுந்தாலாவது ஒரு மரியாதை. நின்ன எடத்துலயே மெதுவா, மூட்டை சாயற மாதிரி. அவன் நாற்காலியை விட்டு எழுந்துக்காமலே ‘ஆராம் சே, சாப்’னான், மெதுவா சார்னு.

— அந்த ஷூ இல்லாம, சும்மா செருப்போட ஏறினா என்னாவும் சார்?

— கொக்கி மேல செருப்பு நிக்காது, வழுக்கும். ஆனா இந்தப் பெடலுக்கு இன்னொரு—

— சார் இன்னைக்கு ஆபீஸ் போவலீங்களா?

— போகலை. டெல்லி காத்துல மாசு நானூத்தி முப்பது. ஆபீஸ்ல பாதிப் பேர் வீட்டுலேந்து வேலை செய்யணும்னு ஆர்டர். நான் அந்தப் பாதி.

— நாளைக்கு?

— வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் அந்தப் பாதிதான்.

— வெள்ளிக்கிழம வரைக்குமா.

— ஏன், பெருக்கறதுக்கு இடைஞ்சலா? காலைத் தூக்கி வச்சுக்கறேன். அதுவும் பத்தே முக்காலுக்கு எனக்கு மீட்டிங். உள் ரூம்ல கதவைச் சாத்திண்டு, காதுல மாட்டிண்டு உட்கார்ந்தா நாலரை வரைக்கும் வெளியில வரமாட்டேன். இங்க என்ன நடந்தாலும் காதுல விழாது.

— அதுக்கு இல்லீங்க சார். எங்களுக்கு மட்டும் இந்தக் காத்துக்கு ஒரு ஆர்டரும் போட மாட்டேங்குறாங்க.

— நீங்க ஏற்கெனவே வீட்டுல வேலை செய்யறவங்கதானேன்னு விட்டுட்டா போலிருக்கு.

— அதுவும் சரிதான். ஒரு வீட்டுக்கு நாலு வீடு.

— அந்தப் பதினோரு மணி வீடு எப்படி இருக்கு? லோதி காலனி.

— அப்படியேதான் இருக்காங்க. நேத்தும் சொன்னாங்க, பதினொண்ணுன்னா பதினொண்ணு, அஞ்சு நிமிஷம் தாண்டினா கீழயே வேற ஆள் நிக்குதுன்னு. இங்க பக்கத்துல குடிசைக் கேம்ப்ல இருந்தப்ப நாலு வீட்டுக்கும் நடந்தே போயிட்டு, மூணு மணிக்கு வந்து படுத்துக்குவேன். கேம்ப இடிச்சு ஊர்க்கோடியில நரேலாவுல வீடு குடுத்ததுலேர்ந்து இங்க வந்து சேரவே ரெண்டரை மணி நேரம். ஆறு மணிக்கு இங்க நின்னவ ஒம்போதரைக்கு நிக்கிறேன். வீடு மட்டும் அதே நாலு.

— ம். மூணரை கிலோமீட்டர் இருக்குமா, லோதி காலனி?

— நடந்தா முக்கா மணி நேரம்.

— பத்தே முக்காலுக்கு இங்கேந்து கிளம்பி பதினொண்ணுக்கு அங்க நிக்கறீங்க. நல்ல வேகமான நடை.

— … வெரசா நடப்பேன் சார்.

— எனக்கு அந்த வேகம் கிடையாது. அதான் இந்த சைக்கிளோட மல்லுக்கட்டிண்டிருக்கேன். வாங்கும்போதே கடைக்காரன் சொல்லிட்டான், இது கார்பன்ல கடைசிப் படின்னு. அதாவது வம்சம் பெரிசு, பதவி சின்னது. நம்ம ஆபீஸ் கணக்குல எல்.டி.சி, அடிமட்ட கிளார்க். நான் அதைப் பரீட்சை எழுத வச்சு யூ.டி.சி ஆக்கப் பாக்கறேன். ஆனா ஒண்ணு மாத்தி ஒண்ணு கோளாறு. சீட் தானா கீழ எறங்கிடறது.

— தானாவா?

— ஞாயித்துக்கிழமை ஏத்தி வைப்பேன். அடுத்த ஞாயித்துக்கிழமை பார்த்தா ரெண்டு விரக்கடை எறங்கியிருக்கும்.

— கார்பனு வெயிலுக்கு சுருங்குமோ என்னமோ சார்.

— டிசம்பர்ல?

— குளுருக்கும் சுருங்கும்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். ஸ்பானர் இல்லாம, கையாலயே திருகி ஏத்தி எறக்கற மாதிரி ஒரு பிடி வாங்கிப் போட்டுட்டேன். சுருங்கறதோ நீளறதோ, வண்டிக்கு சிரமம் இல்லாம இருக்கட்டும்னு. அப்புறம் டயர். ஞாயித்துக்கிழமை மட்டும் நாப்பது கிலோமீட்டர் ஓடற வண்டிக்கு ஆறு மாசத்துல டயர் வழவழன்னு ஆயிடுத்து. கடைக்காரன் ‘சார், பகல்ல சாப்பாடு டெலிவரி பண்றீங்களா’ன்னு கேட்டான். ரொம்ப மரியாதையாத்தான் கேட்டான்.

— டெல்லி ரோடு அப்படிங்க சார். தின்னுரும்.

— அதான், ஆணி குத்தினாலும் காத்து போகாத தடி டயராப் போட்டேன். பின்னாடி மட்கார்டு. முன்னாடி மணி. போறாததுக்கு ஒரு பூட்டு. சைக்கிளை விட்டு ரெண்டடி தள்ளி நிக்காத மனுஷனுக்குப் பூட்டு எதுக்குன்னு உங்க மேடம் ஹம்சா கேட்டா. நான் சாவியை வாசல் ஆணியில மாட்டி வச்சேன்.

— மணி நல்ல சத்தம் சார். ஆட்டோக்காரன்கூட ஒதுங்குறான்… ஒதுங்குவான்.

— சாணக்யபுரியில எங்க கோஷ்டி இருக்கே, ஞாயித்துக்கிழமை நாலு சுத்து சுத்திட்டு கெஸ்ட் ஹவுஸ் கேன்டீன்ல ரெண்டு பொங்கல் சாப்பிடற கோஷ்டி, அதுல எல்லாரும் இருநூறு கிராம் குறைக்கறதுக்கு உயிரை விடறா. ஒருத்தர் தண்ணி பாட்டிலைப் பாதிதான் நிரப்புவார். என் வண்டி மட்டும் அப்கிரேடு ஆக ஆக கனம் கூடறது. டேவிட்சன்தான் எங்க தலைவர், பல் டாக்டர். உலகத்துலயே கார்பன் சைக்கிளைக் கொஞ்சம் கொஞ்சமா பால்காரர் சைக்கிளா அப்கிரேடு பண்ற ஒரே ஆள் நீதான்டாங்கறான்.

— ஆமாங்க சார். முன்னைக்கு இப்ப கனம்தான். படியெறங்கறப்ப தெரியுது.

— படியிறங்கறப்பவா?

— பெருக்குறப்ப. பெருக்குறப்ப நவுத்தி வெக்கறேனில்ல, அதுல தெரியுது.

— அச்சா.

— சார், அந்தப் பழைய பெடல தூக்கிப் போட்டுட்டீங்களா?

— டப்பாவுல போட்டு லாஃப்ட்ல வச்சிருக்கேன்.

— அதையே மாட்டிருங்களேன். எவ்வளவு நேரம் ஆவும்?

— ரெண்டு நிமிஷம். ஆனா எதுக்கு?

— நீங்க விழறீங்க. மேடம் பயந்துக்குவாங்க.

— ஹம்சா பயப்படலை. பால்கனியிலேந்து வீடியோ எடுத்து அவ ஸ்கூல் டீச்சர் குரூப்புல போட்டுட்டா. பி.டி. மாஸ்டர் அதுக்குப் பாட்டு சேர்த்து அனுப்பியிருக்கார்.

— புதுசா வாங்குனத ஒரு வாரம் கழிச்சு மாட்டிக்கலாமே. காத்துதான் சரியில்லையே, இந்த வாரம் சைக்கிள்லயே போவ மாட்டீங்களே.

— வண்டி நிக்கறதுன்னு யார் சொன்னா? மீட்டர் அப்படிச் சொல்லலையே. சக்கரம் சுத்தினா தானா எண்ணிக்கற மீட்டர். போன மாசம் எங்க கோஷ்டியிலயே அதிக தூரம் நான்தான், ஐநூத்திச் சொச்சம். காத்துக்குப் பயந்து அவனவன் கதவைச் சாத்திண்டு கிடக்கறச்சே இவன் ஒருத்தன் ஐநூறுன்னு மெடல் குடுத்தா. வாங்கிண்டு ரெண்டு இருமல் இருமினேன். அப்போதான் நம்பற மாதிரி இருக்கும்.

— அந்த ஃபிரிட்ஜ் மேல இருக்கறதா சார்? நான் தொடைக்கறேனே.

— அதேதான். சரி, நான் மீட்டிங்குக்குப் போறேன். அதுக்கு முன்னாடி இந்தப் பெடல்ல ஒண்ணு சொல்லணும்—

— சார். நான் ஒண்ணு சொல்லணும்.

— பாத்திரம் ஆச்சா?

— ஆச்சுங்க.

— துணி?

— காயப் போட்டாச்சு. சார், கொஞ்சம் சொல்ல விடுங்க.

— அருக்காணிம்மா, நான் இருபத்தோரு வருஷமா கவர்மென்ட்ல இருக்கேன். அங்க நான் கத்துண்டது ஒண்ணுதான். ஒரு விஷயம் மேஜைக்கு வராத வரைக்கும் அது பாட்டுக்கு நன்னா நடக்கும். வந்துடுத்துன்னா ஃபைல் போடணும், நோட் எழுதணும், யாராவது முடிவெடுக்கணும். அதனால யோசிச்சுச் சொல்லுங்க.

— யோசிக்க நேரமில்லீங்க சார். மணி பத்து முப்பத்தஞ்சு. அந்த சைக்கிள நான்தான் ஓட்டுறேன்.

— ம்.

— தெனமும். ஜூன் மாசத்துலேர்ந்து. நீங்களும் மேடமும் கெளம்புன பின்னால, பத்தே முக்காலுக்கு எடுப்பேன். லோதி காலனி, அங்கேர்ந்து டிஃபன்ஸ் காலனி, அப்புறம் லாஜ்பத் நகர். நாலு மணிக்குக் கொண்டாந்து தொடைச்சு இதே செவுத்துல சாத்திட்டுத்தான் சாயங்காலப் பாத்திரத்துல கைய வெப்பேன். சீட்டு சுருங்கல சார், நான்தான் எறக்குவேன். திரும்ப ஏத்தி வெக்கணும்னு நெனப்பேன், மறந்துரும்.

— சொந்தமா ஒண்ணு வாங்கலையா?

— ரெண்டு வாங்குனேன், செகண்ட் ஹேண்டு. ராத்திரிக்கு இங்க கீழ வெச்சுட்டுத்தான போவணும், பஸ்சுல ஏத்த முடியாது. ரெண்டும் களவு போயிருச்சு. ரெண்டாவது மாடிக்குத் தூக்கியாந்து வெக்கலாம்னா அது இரும்பு, என்னால ஆவல. ஒருநா பெருக்குறப்ப உங்களோடத நவுத்துனேன் சார். கையோட வந்துருச்சு, கொழந்தைய எடுத்தாப்பல. அன்னைக்குத்தான் புத்தி கெட்டுது.

— வளைஞ்ச ஹேண்டில் கஷ்டமா இல்லையா?

— மொத நாளு ஆட்டுக்கொம்பப் புடிச்சாப்பல இருந்துச்சு. ஆத்தூர்ல பள்ளிக்கூடத்துக்கு வாடகை சைக்கிள்ல போனவதான். அப்புறம் பழகிருச்சு. காய்கறிப் பை மாட்ட அந்தக் கொம்பு சவுரியம்.

— யாராவது கேட்டாங்களா?

— லோதி காலனி மேடம் வீட்டு சார் கேட்டாரு. அவருகிட்டயும் ஒண்ணு இருக்குது. யார் வண்டின்னாரு. எங்க சாரோடது, அவரு பந்தயத்துக்குப் போறவருன்னேன். மட்கார்டப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல.

— அவருக்கும் மரியாதை தெரியறது.

— கீறல் விழாம ஓட்டுனேன் சார். அதுக்காக சரின்னு சொல்லல, தப்புத்தான். இனிமே தொட மாட்டேன். கொக்கி மேல என் செருப்பு நிக்காது, தொடவும் முடியாது. லோதி காலனி வீடு போனாப் போவட்டும். மேடம்கிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. இந்த வீடும் போயிட்டா, நரேலாவுலேர்ந்து அஞ்சு மணி நேரம் வந்துபோறதுக்கு அர்த்தமே இல்லாம போயிரும்.

— சொல்லி முடிச்சாச்சா?

— முடிச்சாச்சு.

— வாய்மொழியாச் சொன்னது ஃபைல்ல ஏறாது. செருப்பு எங்க?

— வாசல்ல கெடக்குது. போகச் சொல்றீங்களா சார்?

— போட்டுண்டு இங்க வாங்க. வந்து அந்தப் பெடலைக் காலால ஒரு தட்டு தட்டுங்க.

— வழுக்கும்னீங்களே.

— தட்டுங்களேன்.

— சுத்துது.

— சுத்தட்டும். நின்னாச்சா? இப்ப மேல என்ன இருக்கு?

— கொக்கியக் காணமே. இந்தப் பக்கம் தட்டையா, சொரசொரன்னு இருக்குது. பழைய பெடலாட்டமே.

— அதைத்தான் காலம்பறலேந்து சொல்ல வரேன், நீங்க விடலை. எல்லா கடையிலயும் ரெண்டு பக்கமும் கொக்கி வச்சதுதான் காட்டினான். ஒரு பக்கம் எனக்கு, இன்னொரு பக்கம் செருப்புக்கு ஆகணும்னு ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்ல நாலு கடை ஏறி எறங்கினேன்.

— சார்…

— பத்தே முக்கால் ஆயிடுத்து, கிளம்புங்க. சீட்டை நான் காலம்பறயே எறக்கி வச்சுட்டேன்.