தண்டவாளக் கூரை

மாங்குளம் ரயில் நிலையத்தில் கடுகதி ரயில் நிற்காமல் பாய்ந்து போனது. நான் ஏறவேண்டிய ரயிலாவது நிற்குமா என்று எனக்கு ஒரே யோசனை. பக்கத்து மர வாங்கில் அமர்ந்திருந்த இரண்டு சகோதரிகளில் மூத்தவர் சிரித்தார்.

"பாரன், ரயில்கூட இந்த ஊரை மதிக்கேல்லை. இங்கயோ என்ர பிள்ளையைக் கட்டிக் குடுக்கிறது?"

"மாப்பிள்ளை நல்ல பெடியன், அக்கா."

"நல்ல பெடியனோ? நாலு கடையும் குரங்கும்தான் ஊர். சண்டைக்குள்ள தண்டவாளத்தைக் கழட்டிக்கொண்டு போய்ப் பங்கருக்குக் கூரை போட்ட சனம்."

"இடம்பெயர்ந்து வந்து, ஷெல்லடிக்கேக்க அந்தப் பங்கருக்குள்ளதானே அக்கா, நீங்கள் இந்தப் பிள்ளையைக் கைக்குழந்தையா வச்சுக்கொண்டு இருந்தனீங்கள்."

"ஓம். அதுக்குள்ளயும் தேள்."

அவர் வெறும் தண்டவாளத்தைப் பார்த்தார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"பெடியன்ர சாதகத்தை வாங்கு, பாப்பம்."