தானா வந்துடுச்சு

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். குறையாகச் சொல்லவில்லை. நான் நிதானமாகவே சொல்கிறேன், நீங்களும் நிதானமாக டைப் செய்யுங்கள். ஒற்றை விரலால் அடிக்கிறீர்களே, அதற்காகச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் என்னை ‘மிஷின் டாக்டர்’ என்பார்கள். கேலிக்குத்தான் ஆரம்பித்தார்கள், நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாருடைய ஸ்கேன் படங்களும் என் அறைக் கம்ப்யூட்டரில்தான் வந்து சேரும். நான்கு டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி ஒரே டிஸ்க் போல வைத்திருக்கிறது. அதற்கு ரெய்டு என்று பெயர், உங்கள் ஆட்கள் செய்கிற ரெய்டு இல்லை. ஒரு டிஸ்க் செத்தாலும் படங்கள் சாகாது. ஒரே சிக்கல், கரண்ட் போய் வந்தால் மிஷின் எழுந்துகொள்ளும், டிஸ்க்குகள் மட்டும் சொத்துத் தகராறு வந்த அண்ணன் தம்பிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும். நான் போய் ஒரு கட்டளை அடித்தால்தான் ஒன்று சேரும், படங்களும் தெரியும்.

தானாகவே சேரும்படி செய்ய முடியாதா என்பீர்கள். முடியும். ஒரு ஃபைலில் ஒரு வரி எழுத வேண்டும். மிஷின் கண் விழித்ததும் முதலில் படிக்கிற பூட் ஃபைலையும் அதன்பிறகு புதுப்பிக்க வேண்டும். இந்த டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

ஏன் செய்யவில்லை என்றால், என் வீட்டுக்கு வந்து பார்த்தால் உங்களுக்கே புரியும். குழாய் ஒழுகினால் என் மனைவி அவள் தம்பியைக் கூப்பிடுவாள். மகளுக்குக் கணக்கில் சந்தேகம் வந்தால் எதிர்வீட்டுக்குப் போவாள். நான் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பேன். ஆஸ்பத்திரியில் கரண்ட் போனால் கதையே வேறு. போன் அடிக்கும், நான் நுழைந்ததும் நர்ஸ்கள் வழிவிடுவார்கள், எல்லார் மேலும் எரிந்துவிழுகிற பெரிய சர்ஜன் எனக்கு நாற்காலி இழுத்துப் போடுவார். “அது உங்க பேச்சைத்தான் கேக்குது” என்பார் ரிசப்ஷன் அக்கா. அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓடலாம் சார்.

அப்புறம் எனக்கு உதவிக்கென்று ஒரு பெண்ணைப் போட்டார்கள். கெட்டிக்காரி, சும்மா சொல்லக்கூடாது. வந்ததும் அந்த வரியை எழுதிவிட்டு, “இனிமே தானா வரும்ணே, நீங்க அலைய வேண்டாம்” என்றாள். பூட் ஃபைலைப் புதுப்பிக்க மறந்திருந்தாள். எனக்குத் தெரிந்தது, சொல்லவில்லை. அடுத்த முறை கரண்ட் போனபோது மூக்குடைபட்டு நின்றாள். நான் போய்க் கட்டளையை அடித்துவிட்டு, “பரவாயில்லம்மா, போகப்போகக் கத்துக்குவே” என்றேன்.

கற்றுக்கொண்டாள். அதுதான் வினை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கக் கரண்ட் போய் வந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு போனோடு உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை. நானே கூப்பிட்டேன். “எல்லாம் தானா வந்துடுச்சு தம்பி, நீங்க ரெஸ்ட் எடுங்க” என்றார் ரிசப்ஷன் அக்கா. மனைவி என்னைப் பார்த்து, “சட்டையை எதுக்கு மாட்டியிருக்கீங்க?” என்று கேட்டாள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அழுகை வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மறுநாள் அந்த வரியை எடுத்துவிட்டேன். பூட் ஃபைலையும் மறக்காமல் புதுப்பித்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

அதோடு விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். ஆனால் எப்போதும் கண்ணாமூச்சி ஆடுகிற கரண்ட், அதற்குப்பிறகு போகவே இல்லை. வாரக்கணக்கில் காத்திருந்தேன். மின்வாரியக்காரர்களுக்கு அப்போதுதான் பொறுப்பு வந்து தொலைத்தது. கடைசியில் நானே, மிஷினுக்குச் சில நிமிஷம் மட்டும் தாங்குகிற பேட்டரியைக் கழற்றிவிட்டு, என் அறை ஸ்விட்சை இறக்கினேன். உடனே ஏற்றியும் விட்டேன். அந்தப் பெண் அன்றைக்கு லீவு.

ஆபரேஷன் தியேட்டரில் ஆள் இருந்தது தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். ஆள் இல்லாத நேரத்தில் இறக்கினால் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்?

எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். உள்ளே, தலையில் கட்டியோடு ஒரு பஸ் டிரைவர் ஆபரேஷன் மேஜையில் இருந்தார். காலையில் என்னிடம்தான், “பாத்ரூம் எந்தப் பக்கம் தம்பி?” என்று கேட்டார், நான் கூடவே போய்க் காட்டினேன். மனிதாபிமானம் இல்லாதவன் என்று எழுதிவிடாதீர்கள். முதலில் நர்ஸ் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மானேஜர் கூப்பிட்டார், எடுக்கவில்லை. கூப்பிட்டதும் எடுத்தால் மதிப்பு இருக்காது. தியேட்டர் ஸ்கிரீனில் படம் இல்லாமல் ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறதென்று தெரியாமல் நின்றிருக்கிறார் சர்ஜன். வேறு வழியில்லாமல் ஞாபகத்தை வைத்து வெட்டியிருக்கிறார். பிறகுதான் அவரே கூப்பிட்டார். “எங்கய்யா இருக்கே, சீக்கிரம் வா” என்றார். குரல் உடைந்திருந்தது.

சாலையைக் கடந்தேன். கட்டளை அடித்தேன். படங்கள் பளிச்சென்று வந்தன. அந்தப் படங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரைவரின் மனைவி வராந்தாவில் அவருடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் எழுதிய வரி வேலை செய்யவில்லை என்று பழி அந்தப் பெண் தலையில் விழுந்தது. “சின்னப் பொண்ணு, விடுங்க” என்று அவளுக்காக நான்தான் பேசினேன். மறுநாள் அவள் வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“அண்ணே, அந்த வரியை நீங்க எடுத்தீங்களா?”

“ஆமாம்மா.”

தொழில் விஷயத்தில் நான் பொய் சொன்னதில்லை சார். அவள்தான் உங்களிடம் வந்தாள்.

சரி, நான் சொல்லிக்கொண்டிருந்தபோது பாதியில் கரண்ட் போனதே, உங்கள் மிஷின் எழுந்தும் என் வாக்குமூலத்தைக் காணோம் என்று பதறினீர்களே. இதிலும் அதே கதைதான், இரண்டு டிஸ்க். உங்கள் எல்லா வழக்கும் இதற்குள்தான் இருக்கிறது போல. உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் என் விலங்கைக் கழற்றிவிட்டு நாற்காலி இழுத்துப் போட்டார், நான் கட்டளை அடித்தேன், வந்துவிட்டது. “நல்லவேளை நீங்க இருந்தீங்க” என்றார் அவர். எஃப்.ஐ.ஆரில் என்னைக் கொலைகாரன் என்று எழுதிய அதே கைதான் நாற்காலியை இழுத்தது.

இந்த மிஷினில் அந்த வரியை எழுதிவிட்டாயா என்று கேட்கிறீர்கள். இல்லை சார், எழுதவில்லை. தப்பாக நினைக்காதீர்கள், ஒரு மிஷினை அப்படித் தனியாக விட்டுவிடக் கூடாது. என்னை எந்த ஜெயிலில் வேண்டுமானாலும் போடுங்கள், கூப்பிடு தூரத்தில் போடுங்கள், போதும்.